மூன்று மாதத்துக் கணக்கு

நீரிழிவுச் சோதனைக்கு இரத்தம் கொடுக்கும் நாள் நெருங்கினால், நம்மில் பலர் இரண்டு நாள் முன்னதாகவே இனிப்பை நிறுத்தி அரை வயிற்றோடு படுப்பதுண்டு. பரீட்சைக்கு முந்தின இரவு புத்தகத்தைப் புரட்டும் மாணவனின் தந்திரம் அது. டில்லியில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் நானும் அவ்வாறே செய்தேன். வெறும் வயிற்றுச் சர்க்கரை தேறிவிட்டது. அதே இரத்தத்தில் செய்த மற்றொரு சோதனை என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

அதன் பெயர் எச்பிஏ1சி. இரத்தத்திற்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபினில் சர்க்கரை தானாகவே சென்று ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது எளிதில் பிரிவதில்லை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எனவே அந்தப் படிவை அளந்தால், சென்ற இரண்டு மூன்று மாதங்களின் கணக்கு வெளிப்பட்டுவிடும். நீரிழிவுடையோரிடம் இம்மாறுதலை 1968-இல் டெஹ்ரானில் கண்டு சொன்னவர் சாமுவேல் ரஹ்பர். நூற்றுக்கு 6.5-ம் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு என்று கொள்ளலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2011-இல் ஏற்றது. 5.7 முதல் 6.4 வரை நோயின் வாயிற்படி என்பது அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் வரையறை. எனக்கு வந்தது 6.1.

இத்தகைய அடையாளத்தைப் பயோமார்க்கர் என்கிறார்கள். 'உயிர்க்குறி' என்று தமிழாக்கினால் ஜோசியம்போல் தொனிக்கிறது. ஜோசியத்தின் சாயலும் இத்துறையில் இல்லாமல் இல்லை. லூசின், வாலின் முதலிய ஐந்து அமினோ அமிலங்கள் இரத்தத்தில் மிகுந்திருப்போருக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று, நோய் தோன்ற 12 ஆண்டு முன்பே எடுத்து வைத்த இரத்தத்தைக் கொண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 2011-இல் காட்டினர். ஆயினும் அது இன்னும் சாதாரணச் சோதனைக் கூடத்துக்கு வந்து சேரவில்லை.

சில மாதங்கழித்து என் மனைவிக்கும் அச்சோதனை செய்தோம். 6.6 என்று வந்தது. அன்றிரவு வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. மருத்துவரோ அந்த எண்ணை விட்டுவிட்டு, அவளுடைய கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் இவ்வெண் உள்ளதைவிட உயர்ந்து காட்டக்கூடுமாம். சிவப்பணுக்கள் விரைவில் அழியும் நோய்களில் தாழ்ந்து காட்டுமாம். குளுக்கோஸ் கரைசலைப் பருகச் செய்து இரண்டு மணி நேரங் கழித்து அளந்ததில் 132, வரம்போ 140. இரும்பு மாத்திரை சில மாதம் உண்டபின் அதே 6.6, 5.6 ஆயிற்று. சோகை மலிந்த நம் நாட்டில், முக்கியமாகப் பெண்களுக்கு, இந்த ஓரெண்ணை நம்பித் தீர்ப்பளிப்பது எனக்குச் சம்மதமில்லை. 'இரத்தச் சோகை உண்டா என்றும் பாருங்கள்' என்று நாமே கேட்கலாம். மருத்துவர் கோபிக்க மாட்டார்.

என் 6.1-க்கு அவ்விதச் சமாதானம் கிட்டவில்லை. 'பரம்பரையில் உண்டா?' என்று மருத்துவர் வினவியபோது விழித்தேன். ஊரைவிட்டு வந்து இருபதாண்டாயிற்று. தொலைபேசியில் அத்தையைக் கேட்டேன். 'உன் அப்பாவுக்கு மட்டுமா? தாத்தாவுக்கும் இருந்ததே! உனக்குத் தெரியாதா?' என்றார். நடையும் உணவுக் கட்டுப்பாடும் வாயிற்படியில் நிற்போருக்கு நோய் வரும் வாய்ப்பை நூற்றுக்கு 28 அளவில் குறைத்ததாகச் சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 2006-இல் வெளியிட்டுள்ளனர். தினமும் காலையில் நடக்கிறேன். அடுத்த சோதனை தை மாதத்தில். இம்முறை முன்னதாகப் பட்டினி கிடக்கப் போவதில்லை.