மார்க்குக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி

(நமது சங்கத்தின் கல்வி உதவித்தொகை வழங்கும் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'மழலைப் பள்ளி முதல் கல்லூரி வரை கற்பித்தலில் என்ன மாற்றம் வேண்டும்' என்று தலைப்பைக் கொடுத்து, அரை மணி நேரமும் கொடுத்திருக்கிறார்கள். பதினெட்டு வருஷத்துப் படிப்பை முப்பது நிமிஷத்தில் சொல்லியாக வேண்டும். ஆகவே முகவுரை இல்லாமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பள்ளி விட்டு வரும் குழந்தையிடம் நம் வீடுகளில் முதலில் கேட்பது 'எவ்வளவு மார்க்?' என்பதுதான். 'எப்படிச் சொல்லிக் கொடுத்தார்கள், உனக்கு எப்படிப் புரிந்தது?' என்று கேட்பது அபூர்வம். மார்க் என்பது இலையில் விழும் பண்டம். ருசி சரியில்லை என்றால் அடுப்படியில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். இலையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. பள்ளியிலும் பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் பல வருஷங்கள் அந்த அடுப்படியில் நின்றதால், அங்கே நடப்பதை வயது வரிசைப்படி சொல்கிறேன்.

மூன்று முதல் ஆறு வயது வரை

குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். தொழில் வக்கீல். மகன் பிறந்த பிறகு குழந்தைக் கல்வியில் மனம் திரும்பி, வக்கீல் தொழிலை விட்டு, 1920-ல் ஒரு பால மந்திர் தொடங்கினார். குழந்தைகளோடு குழந்தையாக இருந்ததால் 'மீசை வைத்த அம்மா' என்றே ஜனங்கள் அவரை அழைத்தார்கள். 1930-களில் அவர் எழுதிய 'திவாஸ்வப்னா' என்ற சிறு நூலில் ஒரு கற்பனை ஆசிரியர் வருகிறார். நாலாம் வகுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பாடப் புத்தகத்தைத் திறக்காமல் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கதை கேட்க வேண்டும் என்ற ஆசையிலேயே பிள்ளைகள் வரிசையில் உட்காரவும், காது கொடுக்கவும், பிறகு தாமே படிக்கவும் பழகுகிறார்கள்.

கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் இதே இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான ஐந்து வருஷங்களை ஒரே அடித்தளப் பருவமாக வைத்து, விளையாட்டு வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. ஆனால் நாம் தேடிப் போகும் மழலைப் பள்ளிகளில் மூன்றரை வயதுக் குழந்தைக்கு நாலு பக்கம் வீட்டுப் பாடம். அந்த வயதில் விரல்களுக்குப் பென்சிலைப் பிடித்து எழுதும் பலம் வந்திருக்காது. களிமண் பிசைவது, மணி கோப்பது, கோலப் புள்ளி வைப்பது எல்லாம் எழுத்துக்கு முந்திய எழுத்து. நம் பாட்டிகளின் பல்லாங்குழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினாலு குழி, குழிக்கு ஐந்து சோழி என்றால் மொத்தம் எழுபது. ஒரு மத்தியான ஆட்டத்தில் குழந்தை எத்தனை தடவை எண்ணுகிறது, கூட்டுகிறது, கணித்துப் பார்க்கிறது!

இன்னொன்று பாஷை. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தியோ மராத்தியோ கன்னடமோ, பள்ளியில் இங்கிலீஷ். இது குழந்தையைக் குழப்பும் என்று பயந்து வீட்டிலும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிடுகிறோம். அப்படிச் செய்ய வேண்டாம். ஒரு பாஷையில் ஆழமாகப் பேசவும் யோசிக்கவும் பழகிய குழந்தைக்கு அடுத்த பாஷை சுலபமாக வரும். வீட்டில் தாத்தாவும் பாட்டியும் தினம் ஒரு கதையைத் தமிழில் சொன்னால், எந்தப் பள்ளியும் தர முடியாத ஒன்றைத் தந்தவர்களாவார்கள்.

ஆரம்பப் பள்ளி

இப்போது ஒரு கணக்கு. 42-லிருந்து 17 போனால் எவ்வளவு? ஒரு குழந்தை 35 என்று எழுதுகிறது. நாம் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, 'கவனக்குறைவு' என்று எழுதி அனுப்புகிறோம். உண்மையில் அது கவனமாகச் செய்த தப்பு. 2-லிருந்து 7 போகாது என்பதால் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5; 4-லிருந்து 1 போனால் 3. 'பெரியதிலிருந்து சின்னதைக் கழி' என்று தானே ஒரு விதி செய்துகொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. 'எப்படிப் போட்டாய், சொல்லு' என்று கேட்டால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும். பிறகு நாலு பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய்க் காசும் கையில் கொடுத்து, 'எனக்குப் பதினேழு ரூபாய் கொடு' என்றால், ஒரு நோட்டைச் சில்லறை மாற்றாமல் முடியாது என்று அதற்கே விளங்கும். 'கடன் வாங்குதல்' என்று நாம் சொல்வது அந்தச் சில்லறை மாற்றுவதுதான்.

தப்பான விடைக்கும் ஒரு காரணம் உண்டு. அதைத் தேடுவதுதான் ஆசிரியர் வேலை. கற்பித்தலைத் திருத்த வேண்டும் என்றால் இந்த ஒரு பழக்கத்திலிருந்து தொடங்கலாம்.

நம் குழந்தைகள் நன்றாகத்தான் படிக்கிறார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நம் தெருவுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். பிரதம் அமைப்பின் முயற்சியில் 2005 முதல் நடந்துவரும் 'அசர்' ஆய்வு, கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் படிக்கச் சொல்லிப் பார்க்கிறது. 2024 ஆய்விலும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கலில்லாமல் படித்தார்கள். இதற்குப் பரிகாரமும் நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. வயதையும் வகுப்பையும் ஒதுக்கிவிட்டு, எழுத்து தெரிந்தவர், சொல் படிப்பவர், பத்தி படிப்பவர் என்று நிலைவாரியாகப் பிரித்து, தினம் ஒன்றிரண்டு மணி நேரம் அந்த நிலைக்கேற்பச் சொல்லிக் கொடுப்பது. 2019-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டூஃப்ளோவும் இந்த முறைகளைப் பரிசோதித்துப் பார்த்து, பலன் இருக்கிறது என்று காட்டினார்கள். இதற்குப் பெரிய கட்டடமோ கம்ப்யூட்டரோ வேண்டாம். பொறுமையாக உட்கார்ந்து கேட்க ஓர் ஆள் வேண்டும்.

நடுநிலைப் பள்ளி

நான் பணியாற்றிய மத்தியப் பிரதேசத்தில், அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-ல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு விஞ்ஞானப் பரிசோதனை தொடங்கியது. அந்த ஊருக்கு இப்போது நர்மதாபுரம் என்று பெயர். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, விஞ்ஞானத்தைப் பாடமாக ஒப்பிக்காமல் பிள்ளைகளே செய்து பார்த்துக் கற்பது. இலை பொறுக்கி வகைப்படுத்துவார்கள், அளப்பார்கள், பார்த்ததைத் தாமே எழுதுவார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தைக் கையோடு கொண்டு போகலாம்! ஏனென்றால் புத்தகத்தில் விடை இருக்காது, யோசித்தால்தான் வரும். பின்னாளில் ஏகலவ்யா அமைப்பு இதை நடத்தி, பல மாவட்டங்களுக்குப் பரவிய பிறகு, 2002-ல் அரசு இதை நிறுத்திவிட்டது. முப்பது வருஷத்தில் அது கற்றுக்கொடுத்த பாடம், கிராமத்து ஆசிரியரைப் பயிற்சி கொடுத்து நம்பினால் அவர் செய்து காட்டுவார் என்பது.

நம்மவர் ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். எழுத்தாளர் ஆர்.கே. நாராயண் ராஜ்ய சபாவில் பேசியது பள்ளிக்கூடப் பையின் பாரத்தைப் பற்றி. பின்னர் பேராசிரியர் யஷ்பால் தலைமையில் குழு அமைந்து, 1993-ல் சுமையற்ற கற்றல் பற்றி அறிக்கை தந்தது. பையின் பாரத்தைவிடப் பெரிய பாரம், புரியாமல் படிப்பது என்பதே அந்த அறிக்கையின் சாரம்.

வகுப்பறைக்கு ஒரு சின்ன வழி. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆசிரியர்கள் கேள்வி கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று அளந்தார். சராசரி ஒரு விநாடி! அதை மூன்று விநாடியாக்கியபோது விடைகள் நீண்டன; பேசாத பிள்ளைகளும் கை தூக்கினார்கள். வீட்டில் நாமும் இதைச் செய்து பார்க்கலாம். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பது நமக்குக் கொஞ்சம் கஷ்டம்தான்!

உயர்நிலைப் பள்ளியும் பரீட்சையும்

'எல்லாரும் மனப்பாடத்தைத் திட்டுகிறார்களே, வேதத்தை மனப்பாடமாகத்தானே காப்பாற்றினோம்' என்று ஒரு மாமா வாசலில் கேட்டார். நல்ல கேள்வி. பாடசாலையில் சந்தை சொல்வதைப் பாருங்கள். குரு ஒரு தடவை சொல்ல, சிஷ்யர்கள் இரண்டு தடவை திருப்பிச் சொல்கிறார்கள். கன பாடத்தில் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று என்று சொற்களை முன்னும் பின்னும் எடுத்துக் கோக்கிறார்கள். அது புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் படிப்பது அல்ல. ஒவ்வொரு தடவையும் நினைவிலிருந்து எடுப்பது.

2006-ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு மனவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். புத்தகத்தை மூடி நினைவுபடுத்தி எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். ஆகவே குழந்தைகளே, மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் பத்து தடவை படிப்பதை விட்டு, ஒரு தடவை படித்துப் புத்தகத்தை மூடி எழுதிப் பாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எழுதுங்கள். மாமாவுக்கும் ஒரு வார்த்தை. நம் முன்னோர்கள் பாடத்தோடு நிற்கவில்லை. அர்த்த விசாரமும் வாதமும் அதன் மேல் கட்டினார்கள். நாம் அஸ்திவாரத்தை வைத்துக்கொண்டு வீட்டை விட்டுவிட்டோம்.

இந்த வயதில் இன்னொரு விஷயத்தைப் பேசாமல் போக முடியாது. கோட்டாவுக்குப் பதினாலு வயதில் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே 2023 ஆகஸ்டில், விடுதி மின்விசிறிகளில் ஸ்பிரிங் பொருத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. எதற்காக என்று விளக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் மத்திய அரசு, பதினாறு வயதுக்குக் கீழே பயிற்சி மையங்களில் சேர்க்கக் கூடாது என்று வழிமுறை வெளியிட்டது. விதி வரட்டும், வராமல் போகட்டும். முடிவு நம் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கிறது. 'எனக்கு முடியவில்லை' என்று பிள்ளை சொன்னால், அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மன உளைச்சலுக்கு 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண் 2022 முதல் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். இதை டெலிபோன் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கல்லூரி

கல்லூரியில் இன்னும் நோட்ஸ் சொல்லி எழுதவைப்பது போகவில்லை. ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மஸூர் 1991-ல் ஒரு மாற்றம் செய்தார். ஒரு கேள்வியைப் போடுவார். மாணவர்கள் தனித்தனியாக விடை சொல்வார்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடி, மறுபடி விடை சொல்வார்கள். இரண்டாவது தடவை சரியான விடைகள் கூடும். பேராசிரியர் மறந்துபோன தடுமாற்றம், நேற்றுப் புரிந்துகொண்டவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும் அல்லவா!

இனி நம் சங்கத்து விஷயம். உதவித்தொகை பெற்ற ஒரு சமையல்காரரின் மகன் இஞ்சினியரிங்கில் சேர்ந்தான். முதல் வருஷம் நாலு பாடத்தில் அரியர். பணம் சரியாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. ஹாலில் உட்கார்ந்திருந்த முப்பது இஞ்சினியர்களில் ஒருவர் கூட அவனுக்குப் போன் செய்யவில்லை. அவனுக்கும் யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பிறகு ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் அவனோடு உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் அரியர் தீர்ந்தது. காசோலையோடு ஒரு மனுஷரையும் கொடுக்க வேண்டும்.

மூன்று வேண்டுகோள்கள்

முதலாவது, சங்கத்தின் ஒவ்வொரு உதவித்தொகை மாணவருக்கும் ஓர் உறுப்பினரைத் துணையாகப் போடுங்கள். மாதம் இரண்டு போன் போதும்.

இரண்டாவது, எந்த ஊரில் இருந்தாலும், ஓய்வு பெற்றவர்கள் வாரம் ஒரு மணி நேரம் பக்கத்து முனிசிபல் பள்ளிக்குப் போய், தலைமை ஆசிரியர் அனுமதியோடு குழந்தைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஊர் உப்பைத் தின்றுதான் நாம் முன்னுக்கு வந்திருக்கிறோம்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நம் தாத்தாக்களில் எத்தனை பேர் பள்ளிக்கூட வாத்தியார் என்று கேட்டால் பாதிக் கைகள் உயரும். பேரன் பேத்தியை ஆசிரியராக்க விரும்புகிறவர் எத்தனை பேர் என்று கேட்டால்? பாருங்கள், சபை சிரிக்கிறது. நல்ல ஆசிரியர் நம் பிள்ளைக்கு வேண்டும். ஆனால் அந்த ஆசிரியர் அடுத்த வீட்டிலிருந்து வர வேண்டும்! புதிய கல்விக் கொள்கை ஒவ்வோர் ஆசிரியருக்கும் வருஷத்துக்கு ஐம்பது மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று 'நான் டீச்சராகப் போகிறேன்' என்று சொல்லும்போது வீட்டில் முகம் சுளித்தால், எந்தப் பயிற்சியாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது.

இன்று பரிசு வாங்கும் குழந்தைகளில் ஒருவராவது நாளைக்கு அப்படிச் சொன்னால், 'சந்தோஷம், போய் வா' என்று சொல்லுங்கள்.