மாவுக்கும் ஒரு சேமிப்பு

(கூட்டமைப்புக் கூட்டத்தில் மாவு விற்கும் உறுப்பினர் ஒருவர் பேசியது)



பனியன் கம்பெனிக்குக் காலை ஷிப்டு போகிறவங்களுக்கு மாவாட்ட நேரம் ஏது? அதனாலதான் நம்மில் பலர் கடன் வாங்கி, கிரைண்டர் போட்டு மாவு விற்கிறோம். ஆனா ஒரு நாள் மாவு பொங்கறதில்லை, மறுநாள் புளிச்சுப் போகுது. வாடிக்கை போனா தவணை கட்டுவது எப்படி? இதுக்கு நல்ல வழி உறை மாவு.

பாலுக்கு உறை மோர் ஊத்துற மாதிரிதான். மாவைப் பொங்க வைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். அதில் முக்கியமானது லூக்கோனாஸ்டாக் என்று 1965-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை சொல்கிறது. ஊற வைக்கிற உளுந்திலும் அரிசியிலும் இவை தானாகவே இருக்கு. அதனால உறை இல்லாமலும் மாவு பொங்கும். உறை சேர்த்தா சீக்கிரம் பொங்கும். மார்கழிக் குளிரில் ரொம்பக் கை கொடுக்கும்.

செலவு போக மிச்சத்தையா குழுவில் சேமிக்கிறோம்? முதலில் சேமிப்பை எடுத்து வைக்கிறோம். உறையும் அப்படித்தான். மாவு நல்லாப் பொங்கியதும், விற்பதற்கு முன்னாடியே, வெந்நீரில் கழுவித் துடைத்த எவர்சில்வர் டப்பாவில் ஒரு கரண்டி எடுத்து மூடி பிரிட்ஜில் வையுங்க. மறுநாள் ஆட்டிய மாவில் கலந்துட்டு, அது பொங்கியதும் புது உறை எடுங்க. வெயில் காலத்தில் உறையைக் குறைங்க, இல்லாட்டி விடுங்க. உறையில் நிறம் மாறினாலோ, பூஞ்சை பிடித்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ யோசிக்காமக் கொட்டிடுங்க. உறை இல்லாமலே மறுபடி ஆரம்பிக்கலாம்.

கடையிலிருந்து திரும்பி வந்த பாக்கெட்டை மட்டும் உறையாக்காதீங்க. அது எங்கே, எத்தனை நேரம் வெயிலில் கிடந்ததோ! அதைப் புது மாவில் கலந்தா அன்றைய மாவு முழுக்கப் போகும், நம்ம பேரும் போகும்.

தண்ணீரையும் பாருங்க. நொய்யல் ஓரத்தில் சாயத் தண்ணீர் இறங்கிய கிணறுகள் உண்டு. குடிக்க ஆகாத தண்ணீர் மாவாட்டவும் ஆகாது. காய்ச்சினாலும் அந்த உப்பு போகாது.

கடைசியா ஒண்ணு. குழுக் கணக்குக்கு நோட்டு இருக்கற மாதிரி மாவுக்கும் ஒரு நோட்டுப் போடுங்க. ஆட்டிய நேரம், சேர்த்த உறை, பொங்கிய நேரம் மூணையும் எழுதுங்க. ஒரே மாசத்தில் உங்க வீட்டுச் சூட்டுக்கு எத்தனை உறை வேணும்னு அந்த நோட்டே சொல்லிடும்.