கிழிந்ததெல்லாம் தைக்க வேண்டுமா?

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் முழங்கால் எனக்குக் கற்றுத் தந்ததை உங்களிடம் பகிர்ந்துகொள்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு கிருத்திகையன்று நம் சுவாமிநாத சுவாமி கோயிலின் 60 படிகளும் ஏறித் தரிசனம் முடித்து இறங்கும்போது, வலது முழங்கால் லேசாகத் திரும்பிவிட்டது. வீடு வருவதற்குள் வீக்கம். எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ‘மெனிஸ்கஸ் கிழிசல்’ என்று வந்தது. முதலில் பார்த்த இடத்தில், “அடுத்த வாரமே ஆபரேஷன் செய்துவிடலாம்” என்றார்கள். ஒரு கணக்கை இரண்டு முறை கூட்டிப் பார்ப்பது என் பழக்கம். அதனால் தஞ்சாவூரில் இன்னொரு டாக்டரிடமும் போனேன்.

அவர் படம் போட்டு விளக்கினார். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் உள்ளன. நம் எடையைத் தாங்கும் மெத்தை அவை. அவற்றைத்தான் ‘ஜவ்வு’ என்கிறோம். எலும்புகளைக் கட்டும் நாரையும் அதே பெயரில் சொல்வதால்தான் குழப்பம். இந்தத் தட்டின் வெளி ஓரத்துக்கு மட்டுமே ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தைத்தால் கூடும். உள் ஓரத்தில் கூடுவது கடினம்.

தையல் புதிது அல்ல. எடின்பரோவில் தாமஸ் அன்னண்டேல் 1883-லேயே முழங்காலைத் திறந்து தைத்தார். இன்று சிறு துளை வழியே கேமரா விட்டுத் தைக்கிறார்கள். முறைகள் மூன்று: ஊசியை மூட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவந்து முடிச்சுப் போடுவது, வெளியிலிருந்து உள்ளே செலுத்துவது, இது முன்பக்கக் கிழிசலுக்குத் தோது, எல்லாவற்றையும் உள்ளேயே முடிப்பது. தைக்க முடியாத இடத்தில் கிழிந்த துண்டை மட்டும் நறுக்கி எடுப்பார்கள்.

என் அக்கா பேரனுக்கு 19 வயது. கபடி ஆடும்போது முழங்கால் பூட்டிக்கொண்டு, நீட்டவே முடியவில்லை. அவனுக்குத் தைத்தார்கள். ஆறு வாரம் ஊன்றுகோல், நான்கு மாதம் குந்தி உட்காரக் கூடாது. அவனுக்கு அதுதான் சரி.

எனக்கு? என்னுடையது வயதில் தேய்ந்து வந்த கிழிசல். மூட்டு பூட்டிக்கொள்ளவும் இல்லை. பின்லாந்தில் 35 முதல் 65 வயது வரை, இப்படித் தேய்ந்து கிழிந்த 146 பேரைச் சோதித்து 2013-ல் முடிவு வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்குத் துண்டை நறுக்கினார்கள். மறு பாதிக்கு நறுக்கியதுபோல் பாவனை மட்டும். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து இரு தரப்பாரின் வலியிலும் பெரிய வித்தியாசம் இல்லை! “மூன்று மாதம் பயிற்சி செய்யுங்கள், பிறகு பார்ப்போம்” என்றார் டாக்டர். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பிடிப்பது, தொடைக்கு வலுவூட்டுவது, எடையைக் குறைப்பது, இவ்வளவுதான். முதல் மாதம் பலன் தெரியவில்லை. மூன்றாம் மாதம் வலி குறைந்தது.

நம் ஊரில் தரையில் குந்தி வேலை செய்வோர் அதிகம். முழங்கால் கிழிசல் யாருக்கும் வரலாம். ஆபரேஷன் என்று சொன்னால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கிழிசல் எந்த இடத்தில்? அடிபட்டு வந்ததா, தேய்ந்து வந்ததா? தைக்கப் போகிறீர்களா, நறுக்கப் போகிறீர்களா? ஆனால் மூட்டு பூட்டிக்கொண்டாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள்.

இப்போது 60 படியும் ஏறுகிறேன். இறங்கும்போது மட்டும் அவசரப்படுவதில்லை.