ஜூரிக்குச் சொன்ன ஒரு வாக்கியம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



அமெரிக்காவில் கிரிமினல் அப்பீல் வழக்குகளைப் பார்க்கிறவன் என்பதால், "அந்த ஊர் ஜூரி முறையைப் பற்றிப் பேசுங்களேன்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். சினிமாவில் வருகிற குறுக்கு விசாரணையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. வழக்கின் கடைசிக் கட்டத்தில், ஜூரி தனி அறைக்குள் போகுமுன் நடக்கிற ஒரு காரியத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பார்க்க வந்தவர்கள் கொட்டாவி விடுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒருவனுடைய ஆயுளே தீர்மானமாகிவிடலாம்.

ஜூரியில் உட்காருகிறவர்கள் யார்? பஸ் ஓட்டுகிறவர், பள்ளி ஆசிரியை, கடைக்காரர். சட்டம் படித்தவர்கள் அல்லர். என்ன நடந்தது என்று முடிவு செய்வது அவர்கள் பொறுப்பு. எதை நிரூபித்தால் அது குற்றம் ஆகும் என்று அவர்களுக்கு விளக்கிச் சொல்வது நீதிபதியின் பொறுப்பு. அந்த விளக்கம் பிசகினால் தீர்ப்பும் பிசகும்.

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 1959-ல் பம்பாயில் நானாவதி வழக்கில் ஜூரி 8-க்கு 1 என்ற கணக்கில் "குற்றவாளி அல்ல" என்றது. செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார். ஜூரிக்குச் சொன்ன விளக்கத்திலேயே தவறுகள் இருந்ததை ஹைகோர்ட் சுட்டிக்காட்டி, அவரைத் தண்டித்தது. 1961-ல் சுப்ரீம் கோர்ட் அதை உறுதி செய்தது. 1973-ம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் ஜூரி இன்றும் இருக்கிறது. அங்கே நீதிபதி தவறாகச் சொன்னால் எதிரியின் வக்கீல் உடனே எழுந்து ஆட்சேபிக்க வேண்டும். ஜூரி உள்ளே போவதற்கு முன்பே காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பது அங்கே மத்திய கோர்ட்டுகளின் விதி. வக்கீல் வாயை மூடிக்கொண்டிருந்தால், பின்னால் அப்பீலில் அதைக் கிளப்புவது மிகவும் கடினம். "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்பார்கள். பேசாமல் இருந்தது வக்கீல்; ஜெயிலில் இருப்பதோ கட்சிக்காரர்.

அப்போது அவருக்கு என்னதான் வழி? "என் வக்கீல் எனக்குத் தகுந்த முறையில் வாதாடவில்லை" என்று சொல்வதுதான். வக்கீல் வைக்க வசதியில்லாத ஏழைக்கு, கடுமையான குற்ற வழக்கில் அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963-ல் கிடியன் வழக்கில் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. பெயருக்கு ஒரு வக்கீல் பக்கத்தில் நின்றால் போதுமா? போதாது என்று 1984-ல் ஸ்ட்ரிக்லண்ட் வழக்கில் இரண்டு சோதனைகளை வகுத்தது. ஒன்று, வக்கீலின் வேலை நியாயமான தரத்துக்குக் கீழே இருந்தது என்று காட்ட வேண்டும். இரண்டு, அந்தக் குறை இல்லாதிருந்தால் முடிவு வேறு மாதிரி இருந்திருக்க நியாயமான வாய்ப்பு உண்டு என்று காட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வெற்றி.

சுலபமாகத் தோன்றும். இல்லை. வக்கீல் செய்தது யுக்திதான் என்று கோர்ட் முதலில் ஊகித்துக்கொள்ளும். சில சமயம் அது உண்மையும்கூட. கொலை வழக்கில், குறைந்த குற்றத்தைப் பற்றி ஜூரிக்குச் சொல்லவே வேண்டாம் என்று வக்கீல் வேண்டுமென்றே விட்டுவிடுவது உண்டு. "ஒன்று கொலை, இல்லையேல் விடுதலை" என்று ஜூரியை நிறுத்துகிற பந்தயம் அது. தோற்ற பிறகு அதைக் குறை சொன்னால் கோர்ட் எளிதில் கேட்காது.

ஆனால் யுக்தி என்றே சொல்ல முடியாத மௌனமும் உண்டு. பென்சில்வேனியா மாநிலத்து வழக்கு ஒன்று. சுட்டவன் வேறொருவன், உடனிருந்தவன் மீதும் முதல்தரக் கொலைக் குற்றச்சாட்டு. உடனிருந்தவனுக்கே கொல்லும் எண்ணம் இருந்தால்தான் அந்தக் குற்றம் பொருந்தும் என்பது அந்த மாநிலச் சட்டம். சுட்டவனுக்கு அந்த எண்ணம் இருந்தாலே இவனையும் தண்டிக்கலாம் என்று ஜூரி எடுத்துக்கொள்ளும்படி நீதிபதி விளக்கிவிட்டார். வக்கீல் ஆட்சேபிக்கவில்லை. அந்த மௌனத்தால் கட்சிக்காரருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. 2002-ல் மத்திய அப்பீல் கோர்ட் அதை வக்கீலின் குறை என்றே ஏற்று, கைதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

"குற்றவாளி தப்பிவிடுவானே?" என்று நீங்கள் கேட்கலாம். பொதுவாக இதில் ஜெயித்தால் கிடைப்பது புதிய விசாரணைதான், வீட்டுக்குப் போகும் சீட்டு அல்ல. அதுவும் லேசில் கிடைக்காது. வக்கீலின் குறை பெரும்பாலும் அப்பீல் முடிந்த பிறகு தனி மனுவில்தான் ஆராயப்படுகிறது. அந்தக் கட்டத்தில் அரசு வக்கீல் தர வேண்டும் என்ற அரசியல் சட்ட உரிமை இல்லை என்று 1987-லேயே தீர்ப்பாகிவிட்டது. மத்திய கோர்ட்டுக்குப் போக 1996-ம் ஆண்டுச் சட்டம் ஒரு வருடக் கெடு வைத்தது. சட்டம் படிக்காத கைதி, ஜெயில் நூலகத்தில் உட்கார்ந்து, சட்டம் படித்தவர் விட்டதைக் கண்டுபிடித்துத் தானே எழுத வேண்டியிருக்கிறது. நடந்ததை வரிக்கு வரி பதிவு செய்த ரெக்கார்டுதான் அவருக்கு ஒரே துணை.

இதெல்லாம் யாரோ தூர தேசத்துக் கதை என்று இருந்துவிடாதீர்கள். 2019-ல் நம் சுப்ரீம் கோர்ட் ஒரு மரண தண்டனை வழக்கில் விசாரணையையே ரத்து செய்து, மறுபடி நடத்தச் சொன்னது. இலவச சட்ட உதவி வக்கீலை நியமித்த அன்றே குற்றச்சாட்டுப் பதிவாகியிருந்தது! வழக்குக் கட்டைப் படிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில், கோர்ட் உதவிக்கு அமர்த்துகிற வக்கீலுக்குக் குறைந்தது 10 ஆண்டு அனுபவம் வேண்டும். தயாராவதற்குச் சாதாரணமாக 7 நாளாவது தர வேண்டும் என்று அப்போது வழிகாட்டியது.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் சட்டக் கல்லூரிக்குப் போவீர்கள். நன்றாகப் பேசத் தெரிந்தால் வக்கீல் ஆகிவிடலாம் என்று யாராவது சொன்னால் பாதிதான் நம்புங்கள். மற்றவர்கள் பேசும்போது காது கொடுத்துக் கேட்பதும், சட்டப் புத்தகத்தை முந்தின இரவே புரட்டி வைப்பதும், நீதிபதியே ஆனாலும் தவறு என்றால் மரியாதையோடு எழுந்து நிற்பதும்தான் மீதிப் பாதி. நீங்கள் எழுந்து சொன்ன ஆட்சேபம் அன்றைக்குத் தள்ளுபடி ஆகலாம். ஆனாலும் ரெக்கார்டில் ஏறிவிடும். பத்து வருடம் கழித்து, உங்களுக்கு முகம் மறந்துபோன ஒருவர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வெளியே வரக்கூடும்.