"கேஸ் புடிச்சிருக்கு"ன்னு உட்காராதீங்க! – மேல்பட்டாம்பாக்கம் கூட்டத்தில் பேசியது



நம்ம ஊர்ல நெஞ்சு வலிச்சா முதல்ல சோடாதான் வாங்குறோம். மாரடைப்புங்கறது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய்ல ரத்தம் உறைஞ்சு அடைச்சுக்கிறது. சோடா அதை என்ன பண்ணும்? தாமதிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் இதயத் தசை செத்துக்கிட்டே இருக்கும். கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ற நேரமே நமக்கு எதிரி.

இதுக்குத்தான் நம்ம கழக அரசு 2023 ஜூன்ல 'இதயம் காப்போம்' திட்டத்தைக் கொண்டுவந்துச்சு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டேட்டின்னு 14 மாத்திரை கொடுத்துட்டு, 108-ல அனுப்புவாங்க. (நீங்களா வாங்கிப் போட்டுக்காதீங்க!)

சுகர் இருக்கறவங்களுக்கு வலியே இல்லாம வியர்வை, மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். வீட்ல அப்பா அம்மாவுக்கு இன்னிக்கே சொல்லிடுங்க.

#இதயம்காப்போம்