சுவரில் யாருடைய முகம்?

(செப்டம்பர் 1 யுத்த எதிர்ப்பு தினத்தையொட்டி நிலக்கோட்டையில் நடந்த சமாதானக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சமாதானக் கூட்டம் என்று தமுக்கடித்துவிட்டு, போட்டோ பிடிப்பதைப் பற்றிப் பேசுகிறார்களே என்று சிலர் நினைக்கலாம். 1939 செப்டம்பர் 1-ந் தேதி ஹிட்லரின் படைகள் போலந்துக்குள் புகுந்தன. அந்த நாளைத் தொழிற்சங்கங்கள் யுத்த எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கின்றன. நாமும் கூட்டம் போடுகிறோம், தீர்மானம் நிறைவேற்றுகிறோம். இவ்வருஷம் தீர்மானத்தோடு ஒரு வேலையையும் உங்கள் முன் வைக்கிறோம். நம் ஊர்ச் சுவர்களில் உழைப்பாளி மக்களின் முகங்களைப் பெரிதாக அச்சிட்டு ஒட்டுவதே அந்த வேலை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து பூ மார்க்கெட் வரைக்கும் நடந்து பாருங்கள். எத்தனை முகங்கள்! காதணி விழாப் பிள்ளையின் முகம், அதற்கு வாழ்த்துக் கூறும் இருபது பேரின் முகம், அதற்கு மேல் ஜாதிச் சங்கத் தலைவரின் முகம். விடியுமுன் மல்லிகை பறிக்கிற தாயின் முகம் இதில் எங்கே? மூட்டை சுமக்கிறவர் முகம் எங்கே? அவர் கண்ணை மூடினால் ‘கண்ணீர் அஞ்சலி’ என்று ஒரு போஸ்டர் வரும். உயிரோடு இருக்கும்வரை ஏழைக்குச் சுவரில் இடமில்லை.

சர்க்கார் அவர்களைப் படம் எடுக்கவில்லையா என்றால், எடுத்தது. நூறு நாள் வேலைத் தலங்களில் நாளைக்கு இரண்டு தடவை படம் பிடிப்பதை 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கினார்கள். வந்தாளா, ஏமாற்றுகிறாளா என்று சந்தேகப்பட்டு எடுத்த படம் அது. சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாவிட்டால் அன்றைய கூலிக்கே மோசம்!

சுவரில் இருக்கிற முகம் சாதாரண விஷயமல்ல. தென்மாவட்டங்களில் ஒரு தலைவர் படத்தைக் கிழித்தார்கள் என்ற வதந்தியே இரண்டு தெருக்களை அரிவாளோடு நிறுத்தப் போதுமானதாக இருந்திருக்கிறது. அரசியல் சட்டத்தை வகுத்த அம்பேத்கரின் சிலைக்குப் பல ஊர்களில் கம்பிக்கூண்டு போட்டிருக்கிறோம். பிறகு சமாதானத்தைப் பற்றிப் பேச அடுத்த தேசத்துக்கா போகவேண்டும்?

இந்த வேலை நம் இயக்கத்துக்குப் புதிதல்ல. 1943-ல் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடியபோது, கட்சியின் பொதுச் செயலாளர் பி.சி. ஜோஷி, சுனில் ஜானா என்ற இளைஞரைக் காமிராவோடும் சித்தபிரசாதைத் தூரிகையோடும் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றார். கட்சிப் பத்திரிகையில் அந்தப் படங்கள் வந்த பிறகு, பஞ்சம் என்பது வெறும் புள்ளிவிவரம் என்று யாரும் ஒதுக்க முடியவில்லை.

ஆனால் எல்லா முகப்படமும் சமாதானத்துக்கு உதவிவிடும் என்று நாம் சொல்லவில்லை. 1955-ல் நியூயார்க்கில் ஸ்டைக்கன் என்பவர் ‘மனிதக் குடும்பம்’ என்றொரு கண்காட்சி வைத்தார். 68 தேசங்கள், 503 படங்கள். பிறப்பு, உழைப்பு, காதல், சாவு, எல்லாம் எல்லோருக்கும் ஒன்றே என்றது கண்காட்சி. அழகான படங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் உழைக்கிறவனுக்கு என்ன கூலி, அந்த உழைப்பின் பலன் யார் வீட்டுக்குப் போகிறது என்பதை அது சொல்லவில்லை. அமெரிக்க சர்க்கார் அதை ஊர் ஊராக எடுத்துச் சென்றது. அதற்கு முந்தின வருஷந்தான் அதே சர்க்கார் பிகினித் தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்திருந்தது!

வேறொரு உதாரணம் பாருங்கள். 2007-ல் ஜே.ஆர். என்ற பிரெஞ்சுக் கலைஞரும் அவருடைய நண்பர் மார்க்கோவும் பாலஸ்தீனத்துக்குப் போனார்கள். அங்கே ஆக்கிரமிப்பு மண்ணில் இஸ்ரேல் எழுப்பிய சுவரைச் சட்டவிரோதம் என்று சர்வதேச நீதிமன்றம் 2004-லேயே கருத்துத் தெரிவித்திருந்தது. இவர்கள் ஒரே தொழில் செய்கிற ஆட்களை இரு தரப்பிலும் தேடினார்கள். இந்தப் பக்கம் ஒரு டாக்சி டிரைவர், அந்தப் பக்கம் ஒரு டாக்சி டிரைவர். இங்கே ஒரு வாத்தியார், அங்கே ஒரு வாத்தியார். முகத்தைக் கோணி, கண்ணை உருட்டிச் சிரிக்கிற படங்களை எடுத்து, ஆள் உயரத்துக்கும் மேலாக அச்சிட்டு, சுவரின் இரு பக்கமும் ஜோடி ஜோடியாக ஒட்டினார்கள். வேடிக்கை பார்த்தவர்களிடம், இதில் யார் யூதர், யார் அரபு என்று கேட்டார்கள். பெரும்பாலோரால் சொல்ல முடியவில்லை.

ஜாதியையும் மதத்தையும் ஒதுக்கிவிட்டுத் தொழிலை முன்னே வைத்தார்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. வர்க்க ஒற்றுமை என்று நாம் மேடையில் ஒரு மணி நேரம் விளக்குவதை இரண்டு டிரைவர்களின் பல்லிளிப்பு சொல்லிவிட்டது.

அந்தப் படங்கள் யுத்தத்தைத் தடுத்தனவா? இல்லை. 2023 அக்டோபருக்குப் பிறகு காஸாவில் 60,000-க்கும் மேற்பட்ட மக்கள் கொல்லப்பட்டிருக்கிறார்கள். காகிதம் குண்டைத் தடுக்காது. சுவர் நிற்க, சுவரில் சிரிப்பை மட்டும் ஒட்டினால், சுவருக்கு அலங்காரம் செய்ததாகவும் ஆகிவிடலாம்.

அதற்கும் பதில் நம் பக்கத்திலேயே இருக்கிறது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுந்த சுவர் தலித் மக்களின் வழியை மறித்து நின்றது. கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் விடாமல் நடத்திய போராட்டத்தின் பலனாக 2008 மே 6-ந் தேதி அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. 2011-ல் இரு தரப்பு மக்களும் உட்கார்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். அந்த வருஷமே தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் சென்று வழிபட்டார்கள். முதலில் பாதை, பிறகு ஒப்பந்தம். இந்த வரிசையை மாற்றி, பாதை கேட்காதே, கைகுலுக்கிக்கொள் என்பவன் சமாதானவாதி அல்ல.

ஈழத்துத் தாய்மார்களும் இதைத்தான் சொல்கிறார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் உட்கார்ந்தார்களே, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள், அவர்கள் கையில் இருந்ததும் முகப்படந்தான். அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி நெஞ்சில் பிடித்துக்கொண்டு, யுத்தம் முடிந்ததென்றால் இவன் எங்கே என்று கேட்டார்கள்.

ஆகவே நம் சுவரில் முகம் மட்டும் போதாது. முகத்துக்குக் கீழே பெயர், தொழில், அவர் கேட்கிற ஒரு கோரிக்கை, அவர் வாயால் சொன்னபடியே இருக்கவேண்டும். பூப்பறிக்கிறவர் கூலி கேட்பார். இன்னொருவர் சுடுகாட்டுக்குப் பாதை கேட்பார். அதைக் கேட்டு முகம் சுளிக்கிற பக்கத்துத் தெருக்காரர் படமும் அதே வரிசையில் இருக்கட்டும். இரண்டு தெருக்காரரும் ஒரே தராசில்தான் பூவை நிறுக்கிறார்கள், ஒரே கமிஷன்தான் கொடுக்கிறார்கள்.

சில ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறோம். தெரு தெருவாகப் பிரித்து ஒட்டக்கூடாது, கலந்து ஒட்டவேண்டும். சட்டையில், கயிற்றில், பொட்டில் ஜாதி அடையாளம் தெரியும் என்று ஒரு வாலிபர் கேட்டார். அதனால்தான் முகத்தை மட்டும் கிட்டத்தில் எடுக்கச் சொல்கிறோம். தலைவர்கள் படம் வேண்டாம், நம் தலைவர்கள் படமும் வேண்டாம். பிளக்ஸ் வேண்டாம், காகிதமும் பசையும் போதும். சுவர்க்காரர் அனுமதியும், படத்துக்குரியவர் சம்மதமும் இல்லாமல் ஒரு தாளும் ஒட்டக்கூடாது. பெண்கள் விஷயத்தில் வீட்டு ஆண்பிள்ளை சொன்னால் போதாது, அந்த அம்மாவே சொல்லவேண்டும். கிழித்தால் சண்டைக்குப் போகாமல் மறுநாள் இன்னொன்று ஒட்டவேண்டும். அதற்காக ஒவ்வொன்றிலும் மூன்று பிரதி வைத்திருப்போம்.

பூப்பறிக்கிறவர்கள் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டிலேயே தோட்டத்தில் இறங்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் படம் சரியாக விழாது. பூவை மார்க்கெட்டில் போட்டுவிட்டு டீ குடிக்க நிற்கிற வேளையில் போவோம். காமிரா உள்ள வாலிபர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் பெயர் கொடுங்கள்.