கேட்டுவிடுங்கள்



இன்று நான் தற்கொலை எண்ணத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். பிள்ளைகள் பட்டம் வாங்கும் நல்ல நாளும் அதுவுமாக இந்தப் பேச்சு எதற்கு என்று சில பெற்றோருக்குத் தோன்றலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அவர்களில் எத்தனையோ பேர் இப்படியொரு மேடையில் ஏறியிருக்க வேண்டியவர்கள். அதனால்தான் இன்றைக்கே பேசுகிறேன்.

நம் தமிழ்நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால், மறுபடி எழுதித் தேறுவதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் எல்லாம் கல்லூரிக்குப் போவார்கள். தவறிய பிள்ளை ஒரு வருடம் வீட்டில் இருக்க வேண்டும். வருகிற உறவினர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டும். பதினேழு வயதில் அந்த ஒரு வருடம் முடிவே இல்லாததுபோல் தெரியும். மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு, இப்படி நொந்துபோனவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட அமைப்பு. கேட்டதோடு நிற்கவில்லை. தவறியவர்கள் உடனே மறுதேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேர வழி செய்யுங்கள் என்று அரசை வற்புறுத்தியது. 2000களின் தொடக்கத்தில் அந்த உடனடித் துணைத்தேர்வு நடைமுறைக்கு வந்தது. 2017இல் மாநில முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தையும் அரசு கைவிட்டது.

அந்தத் துணைத்தேர்வை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வித்தாள் எளிதாகவில்லை, தேர்ச்சி மதிப்பெண் குறையவில்லை. காத்திருக்கும் காலம் மட்டும்தான் சுருங்கியது. சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் உச்சத்துக்குப் போய் இறங்கக்கூடியது. ஒருமுறை முயன்று பிழைத்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறக்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது வலி நிற்பது. வலி தாங்க முடியாமல் போகும் அந்தச் சில மணி நேரம் யாராவது ஒருவர் கூட இருந்தால், ஒருவர் பிழைத்துவிட முடியும்.

அந்த ஒருவர் பெரும்பாலும் மருத்துவராக இருக்க மாட்டார். நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

நாளை உங்களில் பலர் சென்னைப் புறநகரில், சேலையூரிலோ மேடவாக்கத்திலோ பெருங்களத்தூரிலோ மூன்று பேர், நான்கு பேராக அறை எடுத்துத் தங்கி வேலைக்குப் போவீர்கள். ஆஃபர் லெட்டர் வந்தும் சேரும் தேதி வராதவர் ஒருவர் இருப்பார். அரியர் பாக்கியை வீட்டில் சொல்லாதவர் இருப்பார். கல்விக்கடன், காதல், சாதி, வீட்டில் தினம் நடக்கும் சண்டை எல்லாம் அந்த அறைக்குள் இருக்கும். ஒரே காரணத்தால் யாரும் இந்த முடிவுக்குப் போவதில்லை. பல சுமைகள் சேர்ந்து அழுத்தும்போதுதான் இந்த எண்ணம் வருகிறது.

உங்கள் அறைத்தோழன் ஒருவன் இரண்டு வாரமாகத் தூங்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மெஸ்ஸுக்கு வருவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறுகிறான். ஆசையாக வாங்கிய ஹெட்போனை, "நீயே வச்சுக்கடா" என்று கொடுக்கிறான். "நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி" என்கிறான். அன்று இரவு மொட்டை மாடியைத் தவிர்த்து, கீழே டீக்கடைக்கு அழைத்துப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதாடா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் வருவதில்லை. பெரும்பாலும், ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் வரும். "ஆமா" என்று சொன்னால் பதறாதீர்கள். "அம்மா அப்பாவை நினைச்சுப் பாத்தியா?" என்று கேட்காதீர்கள். அவன் நினைத்துப் பார்த்துத்தான் தன்னையே பாரமாக எண்ணிக்கொண்டிருக்கிறான். பேச விடுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். அன்றிரவு தனியே விடாமல், மறுநாள் நீங்களே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மருத்துவமனைக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் தாமதித்தவர்கள் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி, அவருக்குச் சிகிச்சையும் ஆதரவும் தருவது அரசின் கடமை என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு இல்லை. தயங்காமல் போங்கள்.

மருத்துவமனை என்றால் வரும் கூச்சமும் மாறக்கூடியதுதான். சென்னையிலிருந்து வரும் நம் மின்சார ரயிலில் தாம்பரத்துக்கு முந்தைய நிலையம் சானடோரியம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர். காசநோயைக் குடும்பங்கள் மறைத்துவைத்த காலம் அது. பின்னாளில் எச்ஐவி நோயாளிகளைத் தொடவே பலர் தயங்கியபோதும் அதே மருத்துவமனைதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. இன்று சானடோரியத்தில் இறங்கிவிட்டேன் என்று போனில் கூச்சமில்லாமல் சொல்கிறோம். மனநல மருத்துவமனை இருக்கும் கீழ்ப்பாக்கத்துக்கு மட்டும் இன்னும் அந்த விடுதலை வரவில்லை. "இவனைக் கீழ்ப்பாக்கத்துல சேக்கணும்" என்று சிரிக்கிற நண்பர்கள் நடுவே மனம் உடைந்தவன் எப்படி வாய் திறப்பான்? அந்தப் பேச்சை இன்றோடு நிறுத்துங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. மார்க் வரும் நாளில் பிள்ளையிடம் முதலில் "சாப்பிட்டியா" என்று கேளுங்கள். ஒரு வீட்டில் இப்படியோர் இழப்பு நேர்ந்தால், பறிகொடுத்தவர்களையும் தனியே விடாதீர்கள். அவர்களுக்கும் ஆபத்து அதிகம். 

நிர்வாகத்தினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் கூறியிருக்கிறது. அந்த ஆலோசகரின் அறை மாணவர்கள் கூச்சப்படாமல் நுழையக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

இந்த அரங்கிலேயே, கைதட்டல்களுக்கு நடுவே, உள்ளுக்குள் அப்படி நினைத்துக்கொண்டு யாராவது உட்கார்ந்திருந்தால், அவருக்குச் சொல்கிறேன்: இதில் வெட்கப்பட எதுவுமே இல்லை. விழா முடிந்து வீட்டுக்குப் போகும் முன் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் சொன்னாலும் சரி, நான் இங்கேயே இருப்பேன்.

மற்றவர்கள் அலைபேசியை இப்போதே எடுங்கள். டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, தமிழில் பேசலாம், இரவும் பகலும் எடுப்பார்கள். அரசின் சுகாதார உதவி எண் 104. சிநேகா 044-24640050. மூன்று எண்களையும் சேமித்த பிறகு பட்டம் வாங்க மேடைக்கு வாருங்கள்.